ஆப்ப சோடாதானே என்று விட்டுவிடலாமா?

ஆப்பத்துக்கு ஒரு சிட்டிகை போடுகிறோமே, அந்தச் சமையல் சோடாவைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்து, பழைய இரும்பு கேட், கிரில்லில் உள்ள பெயின்ட்டை உரிக்கிறார்கள். எங்கள் தெருப் பட்டறை ஒன்றில் இந்த வேலை எந்த மறைப்பும் இல்லாமல் வீதியோரத்திலேயே நடக்கிறது. கேட்டால், "நீங்க சாப்பிடற சோடாதான் அக்கா, ஒண்ணும் பண்ணாது" என்கிறார்கள்.

இது பாதி உண்மை. மணலை அடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். மணல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, 'சிலிகோசிஸ்' என்ற தீராத நோயைக் கொடுக்கும். சோடாவில் அந்த ஆபத்து இல்லை.

ஆனால் மூட்டை மூட்டையாக அடிக்கும்போது அது சிட்டிகைக் கணக்கு இல்லையே! சோடாவில் இருப்பது சோடியம். உப்புத் தண்ணீர் ஊற்றினால் செடி என்ன ஆகுமோ, அதேதான். இலை கருகும், மண் இறுகித் தண்ணீர் உள்ளே இறங்காது. எங்கள் வாசல் மல்லிகைக் கொடியும் கறிவேப்பிலைக் கன்றும் காய்ந்தே போய்விட்டன. அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையை 1980-களில் புதுப்பித்தபோது, உட்புறத் தாரை எடுக்க இதே சோடாவைத்தான் அடித்தார்கள். இடுக்கு வழியே கசிந்த சோடா, வெளிப்புறப் பச்சை நிறத்தையே மாற்ற ஆரம்பித்ததாம். தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்களாம். செம்புச் சிலைக்கே அந்தக் கதி என்றால், செடி எம்மாத்திரம்?

அதைவிடப் பெரிய பயம், சோடாவோடு பறக்கும் பழைய பெயின்ட் தூள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூள்தான் கொடியில் காயும் துணியிலும், பிள்ளைகள் விளையாடும் மண்ணிலும் படிகிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியே பாதிக்கும்.

யார் பிழைப்பையும் கெடுக்கச் சொல்லவில்லை. சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, கீழே விரிப்பு போட்டு, விழுந்த தூளைச் சாக்கடையில் தள்ளாமல் அள்ளி மூட்டை கட்டட்டும். வேலை செய்யும் பையன்களுக்கு நல்ல முகமூடி கொடுக்கட்டும். பலத்த காற்று வீசும் நாளில் வேலையைத் தள்ளிப் போடட்டும்.

சகோதரிகளே, கேட்டைக் கொடுத்துக் கூலி பேசுவது நாம்தானே? "மறைப்பு கட்டிச் செய்வீங்களா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு பட்டறை பாருங்கள். நாலு வீட்டுப் பெண்கள் இப்படிக் கேட்டால், ஐந்தாவது வீட்டுக்குத் தார்ப்பாய் தானாக வரும்!

- ஒரு வாசகி, ஈரோடு.