அப்பா ‘ஹார்ட்லி’ உழைத்தாரா?

மூவார் தோட்டமொன்றில் வளர்ந்த பிள்ளை, நேர்முகத் தேர்வில் ‘மை ஃபாதர் ஹார்ட்லி வொர்க்ட்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடுமையாக உழைத்தார் என்பது அவர் நினைப்பு. கேட்பவருக்கோ ‘அப்பா வேலையே பார்க்கவில்லை’ என்றாகிவிடும்! ‘வொர்க்ட் ஹார்ட்’ என்பதே சரி.

வெயில் ஏறினால் ரப்பர் பால் வடிவது குறையும். அதனால்தான் விடியுமுன்னே தலைவிளக்குடன் மரம் சீவப் போனார்கள் நம் பெரியவர்கள். உடலைச் சக்கையாகப் பிழியும் அந்த உழைப்பு ‘க்ரூயலிங்’. செம்பனைக் குலை சுமப்பது ‘பேக்பிரேக்கிங்’. நம் பேச்சில், இடுப்பை ஒடிக்கும் வேலை.

இன்னொன்று: வேலை ‘எக்ஸாஸ்டிங்’, செய்து களைத்தவர் ‘எக்ஸாஸ்டட்’. ‘ஐ ஆம் எக்ஸாஸ்டிங்’ என்றால், உங்களோடு இருப்பவர்தான் களைத்துப்போகிறார் என்று பொருள்!

அப்பா சிந்திய வியர்வையை ஒரு சொல் அழித்துவிடக் கூடாது, இல்லையா?