தெரியாதா? அப்படியானால் 'வேண்டாம்'!

பழங்குடியினரையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க 1967-ல் ஆஸ்திரேலியர்கள் 90 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்' என்றார்கள். நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்ல அவர்களுக்கு ஒரு குழு, அதற்கு அரசியல் சட்டத்தில் இடம் என்று 2023 அக்டோபர் 14 அன்று கேட்டபோது சுமார் 60 சதவீதம் 'வேண்டாம்'. ஆறு மாநிலங்களும் கைவிரித்துவிட்டன. இத்தனைக்கும் வெறும் யோசனைதான், தடுக்கும் அதிகாரம்கூடக் கிடையாது!

"தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடுங்கள்" என்பது எதிர்ப்பாளர்களின் கோஷம். (தெரிந்துகொண்டு போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.) பழங்குடியினரிலும் எதிர்த்தவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களே பெரும்பான்மையாக வாழும் திவி தீவுகளில் 'ஆம்'தான் மிக அதிகம். நாட்டில் 4 சதவீதம்கூட இல்லாதவர்களின் 'ஆம்' மொத்தக் கணக்கில் எங்கே தெரியும்? அதனால்தானே குழுவே கேட்டார்கள்.