அழாத பிள்ளை

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. நலமுள்ள பிள்ளைக்கு அது பொருந்தும். கொடிய நோய்வாய்ப்பட்ட பிள்ளையோ அழுதற்கும் வலியின்றிக் கிடக்கும், பாலூட்டினும் உண்ணாது. அது அயர்ந்து உறங்குகின்றது என்று எண்ணித் தாய் ஆறுதல் கொள்வாள். அவ்வமைதியே பெருங்கேட்டின் அறிகுறியாதலும் உண்டு. ஆதலின், நோயுற்ற குழந்தையின் குரலைக் கேட்பதோடு அமையாது, அதன் உடலையும் உற்று நோக்குதல் இன்றியமையாததாகும்.

பெருநகரங்களில் குருதியை ஆராயவும் நெஞ்சகத்தைப் படம்பிடித்துப் பார்க்கவும் கருவிகள் உண்டு. காட்டூர்களில் அவற்றைக் காண்டல் அரிது. அங்குள்ளார்க்குக் கண்ணும் கையுமே கருவிகள். அவற்றைப் பயன்படுத்தும் முறையறிந்தால் உயிர் காக்கலாம் என்பதற்கு மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டமே சான்று.

காடுகள் செறிந்த அம்மாவட்டத்தில் அபய் பங், இராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1980களில் தொண்டாற்றத் தொடங்கினர். அங்கே குழந்தைகளை மாய்த்த நோய்களுள் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி கொடியது. அந்நோயில் மூச்சு விரைவுபடும். அதனைக் கண்டறிந்து மருந்தளிக்க ஊர்த் தொண்டரையும் மகப்பேறு பார்க்கும் மூதாட்டியரையும் அவர்கள் பயிற்றினர். 1990இல் வெளியான அவர்தம் ஆய்வின்படி, மருந்தளிக்கப்பட்ட 612 நேர்வுகளில் இறப்பு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. இம்முறை எய்தாத ஊர்களிலோ அது நூற்றுக்குப் பதின்மூன்றினும் மிகுதி.

அம்மூதாட்டியருள் பலர் ஐம்பது வரை எண்ணவும் பழகாதவர். அவர்க்கும் வழி காணப்பட்டது. ஒரு நிமிடம் காட்டும் மணற்கடிகையும் மணிகள் கோத்த சட்டமும் அமைக்கப்பட்டன. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்துதல் வேண்டும். மணல் விழுந்து முடியுமுன் குறித்த மணி வரை நகருமாயின், நோய் உண்டென்று கொள்ளலாம். கல்லாமை ஈண்டுத் தடையாகவில்லை.

உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் 1990களில் இத்தகைய குறிகளைத் தொகுத்து நெறிப்படுத்தின. குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுதல் வேண்டும். இரண்டு திங்கள் நிரம்பாத குழந்தைக்கு 60, ஓராண்டு நிரம்பாததற்கு 50, ஐந்தாண்டு நிரம்பாததற்கு 40 என்னும் அளவையோ அதற்கு மேலோ எண்ணிக்கை எட்டினால், அது விரைவு மூச்சாகும். பால் பருகமாட்டாமை, உண்டதெல்லாம் கக்குதல், வலிப்பு, எழுப்பினும் விழியாத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கணமும் தாழ்த்தலாகாது.

மருத்துவரின் தொழிலை மற்றவர் கையில் கொடுப்பது தகுமோ எனச் சிலர் வினவுவர். இது மருத்துவரை விலக்கும் கல்வியன்று. அவரிடம் உரிய காலத்தில் கொண்டு சேர்க்கும் கல்வியாகும். குறியைக் கண்டால் மட்டும் போதாது. மருந்தும் செல்லும் வழியும் வேண்டும் என்பதும் உண்மையே. ஆயினும், கண்டறியாத நோய்க்கு அருகிலுள்ள மருந்தும் பயன்படாது.

தம்பி தங்கையரைத் தோளில் சுமக்கும் மாணவர் பலர். அவர்களும் இக்குறிகளைக் கற்றல் வேண்டும். பேச அறியாத உயிர் தன் துன்பத்தை உடலால் உரைக்கின்றது. அதனைப் படிக்கக் கற்பதும் கல்வியேயன்றோ!