வெயில் இலவசம், பேட்டரி இலவசமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மழை ஏமாற்றும். வெயில் ஏமாற்றாது.

அந்த வெயிலில் விளக்கு எரிக்க, தமிழக அரசு 2011-ம் ஆண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தது. சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்!

300 சதுர அடி வீடு. செலவு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். கிராமத்து ஏழைகளுக்கு ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடு என்று அறிவித்தார்கள். கூடம், படுக்கை அறை, சமையல் அறை, கழிவறை, தாழ்வாரம் என்று இடத்துக்கு ஒன்றாக ஐந்து சூரிய விளக்குகள்.

நல்ல திட்டம்தான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் தகடு வேறு, பேட்டரி வேறு!

கூரை மேல் இருக்கும் தகடு 25 வருஷம் உழைக்கும். பேட்டரி நாலைந்து வருஷத்தில் படுத்துவிடும். சரியாகக் கவனிக்காவிட்டால் அதற்கு முன்பே போய்விடும்.

2012-ல் வைத்த பேட்டரியை 2017 வாக்கிலேயே மாற்றியிருக்க வேண்டும். புதுசு வாங்க ஆயிரக்கணக்கில் பணம் வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் அதற்கு எங்கே போவார்? வீடு கொடுத்த கை, பேட்டரிக்கும் வழி சொல்ல வேண்டாமா?

இப்போது வேறு திட்டம் வந்திருக்கிறது. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 3 கிலோவாட் தகடு மாட்டினால் ரூ.78 ஆயிரம் மானியம். நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் கிடைக்கும். மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போய், பில்லில் கழியும். பேட்டரி கட்டாயம் இல்லை.

ஒரு விஷயத்தை விற்க வருகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேட்டரி இல்லாத வீட்டில், கரண்டு போனால் இதுவும் நின்றுவிடும்! கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அரியலூருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சிமெண்டு ஆலைகள், சுண்ணாம்புக்கல் லாரிகள். தூசி படிந்தால் மின்சாரம் குறையும். தகடு சூடாகும் முன்பு, காலையிலேயே கழுவிவிட வேண்டும்.

இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்கிப் போகும் குடும்பம், கடன் வாங்கி இதில் இறங்க வேண்டியதில்லை. பில் எகிறுகிற வீட்டுக்காரர்கள் தாராளமாக மாட்டலாம். 5 ஆண்டு பராமரிப்பு, மாட்டிக் கொடுத்தவர் பொறுப்பு. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மானியம் உங்கள் பேங்க் கணக்குக்கே வரும். நடுவில் யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள்.

ஐந்து ஆண்டு முடிந்த பிறகு யார் பார்ப்பது? பசுமை வீட்டுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது?

இரு மாவட்டத்திலும் ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் வேலை தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு இந்த ரிப்பேர் வேலையைச் சொல்லிக் கொடுக்கலாம். ஒன்றியத்துக்கு இரண்டு பேரை நியமிக்கலாம். பழைய வீடுகளை எண்ணிப் பார்த்து, பேட்டரிக்குப் பாதிப் பணமாவது அரசு தரலாம்.

தகடு மாட்டுவது ஒரு நாள், இரண்டு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது 25 வருஷ வேலை. அதிகாரிகள் அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்!