"பழகிடும்" என்று சொல்லாதீர்கள்!

குளிர் தேசத்துக்குப் படிக்கப் போகிறேன் என்று நம்மூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு "அய்யய்யோ" வரும். அடுத்த நொடியே ஆறுதல் வரும். "ஒண்ணும் ஆவாது, போகப் போகப் பழகிடும்." சித்தப்பா சொல்வார், பேராசிரியர் சொல்வார், விசா வேலை பார்த்துக் கொடுக்கும் ஏஜெண்ட் சொல்வார், இருபது வருடமாக வெளிநாட்டில் இருக்கும் எதிர்வீட்டு அண்ணனும் அதையேதான் சொல்வார். அந்த ஒற்றை வார்த்தையின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைக் கொட்டத்தான் இதை எழுதுகிறேன். நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அது பொய். வெறும் பொய்யாக இருந்தால்கூடப் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். காசு செலவழிக்க வேண்டியவர்கள் செலவழிக்காமல் நழுவிக்கொள்ள வசதியாக இருக்கும் பொய் அது.

இந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது வெளிநாடு போகும்போது இல்லை. நான் கள்ளக்குறிச்சிக்காரன். எங்கள் ஊரில் மார்கழிக் குளிர் என்பது விடிகாலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் முடிந்துபோகிற சமாச்சாரம். ஆனால் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலை ஏறிப் பாருங்கள். வெள்ளிமலையில் டிசம்பர், ஜனவரி காலைகளில் வேறு உலகம். மூடுபனியும் காற்றும் சேர்ந்து எலும்புக்குள் இறங்கும். அந்தக் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார்கள். "பாவம், குளிராதா?" என்று கேட்டால் கீழ்நாட்டு ஆட்களிடம் பதில் தயாராக இருக்கும். "அவங்களுக்கு அதெல்லாம் பழக்கம்பா. மலைக்காரங்க உடம்பு அப்படி."

அதாவது, மேலே இருப்பவனுக்கு "பழக்கம்", வெளியே போகிறவனுக்கு "பழகிடும்". இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை!

சரி, உடம்பு நிஜமாகவே பழகுமா? முதலில் இதைப் பேசித் தீர்த்துவிடுவோம்.

வெயிலுக்குப் பழகும். குளிர் ஊர்க்காரர் ஒருவரை மே மாதம் கள்ளக்குறிச்சியில் கொண்டுவந்து விட்டு, தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் வேலை வாங்குங்கள். பத்துப் பதினாலு நாளில் அவர் உடம்பே மாறிவிடும். வியர்வை சீக்கிரம் வரும், நிறைய வரும், அதில் உப்பு குறையும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், இதயம் படபடக்காமல் நிதானமாக வேலை செய்யும். இது நிஜமான பழக்கம்.

குளிரில் அந்த அளவுக்கு ஒன்றும் நடப்பதில்லை. திரும்பத் திரும்பக் குளிரில் நின்றால் நடுக்கம் கொஞ்சம் குறையும். "ஐயோ குளிருதே" என்ற உணர்வு குறையும். உடம்பில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு கொஞ்சம் சுறுசுறுப்பாகும். அவ்வளவுதான். இதெல்லாம் சேர்ந்தாலும் ஒரு நல்ல ஸ்வெட்டருக்கு ஈடாகாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குளிர் உறைப்பது குறைகிறதே தவிர, உடம்பிலிருந்து வெப்பம் வெளியேறுவது நிற்பதில்லை. தீ விபத்து மணியின் ஒயரை அறுத்துவிட்டு, "சத்தம் நின்னுடுச்சு, தீ அணைஞ்சிடுச்சு" என்று சொல்வதைப் போன்றது இது. உடம்பின் உள் வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா என்கிற ஆபத்தான நிலை. அந்தக் கணக்கு வெள்ளிமலைக்காரருக்கும் ஒன்றுதான், கள்ளக்குறிச்சிக்காரனுக்கும் ஒன்றுதான், ஃபின்லாந்துக்காரருக்கும் ஒன்றுதான்.

ஃபின்லாந்து என்றதும் ஞாபகம் வருகிறது. பரிமாற்ற மாணவனாக ஒரு செமஸ்டர் அங்கே இருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் குளிருக்குப் பழகியவர்கள் என்றுதானே நாம் நினைக்கிறோம்? அவர்கள் பழகவே இல்லை சாமி! ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி போட்டு, வீட்டைச் சூடாக்கி, உள்ளே டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளை வெளியே விளையாட விடும்போது தலை முதல் கால் வரை மூடித்தான் அனுப்புகிறார்கள். குளிர்காலச் சூரியனில் வைட்டமின் டி கிடைக்காது என்பதால் 2003-லிருந்து பாலிலேயே அதைச் சேர்த்து விற்கிறார்கள். ஒரு தேசமே "பழகிடும்" என்று சொல்லாமல், வேண்டியதை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. அங்கே போய் இறங்கும் நம் பிள்ளை மட்டும் மன உறுதியால் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

வெளிச்சக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சியில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஹெல்சிங்கியில் டிசம்பர் கடைசியில் மொத்தப் பகலே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மனசு சோர்ந்து போகிற மாணவனிடம் "நீ ஸ்ட்ராங்கா இருக்கணும்டா" என்று தொலைபேசியில் சொல்வது மருந்தல்ல. பகலில் கிடைக்கும் வெளிச்சத்தில் கட்டாயம் வெளியே நட, டாக்டரைக் கேட்டு வைட்டமின் டி எடுத்துக்கொள், நாள் கணக்கில் தூக்கம் கெட்டால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பார் என்று சொல்வதுதான் மருந்து. இதைப் புறப்படும் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி இருக்கிறது. சாட்சி சாதாரண ஆள் இல்லை, கணிதமேதை ராமானுஜன்.

1914-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார் ராமானுஜன். அப்போது பக்கத்துக் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த மஹலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தாரே, அவரேதான். குளிர் கூடிய ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்கப் போனவர், ராத்திரி கதகதப்பாக இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றாராம் ராமானுஜன். போர்வை போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் வேண்டிய அளவு இருக்கின்றன! ஆனால் அந்த ஊர் வழக்கப்படி எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டிருக்கிறார்கள். கம்பளியை விலக்கி அதற்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. மேல்விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறார். மஹலனோபிஸ்தான் எப்படிப் படுப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

இந்தக் கதையை நம்மாட்கள் "மேதைகள் எவ்வளவு வெகுளி பாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகமே வியக்கும் கணக்கைப் போட்டவருக்கு, ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுக்கக்கூடிய விஷயம் தெரியாமல் போயிற்று. காரணம், வரவழைத்தவர்கள் யாருக்கும் அதைக் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அவரும் தானாகப் பழகிவிடவில்லை, இன்னொரு மாணவர் வந்து காட்டும் வரை நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். பிறகு 1917-ல் நோயில் விழுந்து சானடோரியங்களில் படுத்தார். ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிர்காற்றில் கிடத்துவதுதான் அன்றைக்குக் காசநோய்க்கு வைத்தியம். 1920-ல், 32 வயதில், சென்னையில் இறந்தார். குளிர்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு இருந்தது அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்வது அந்தக் கட்டிலைப் பற்றி மட்டும்தான்.

இப்போது ஒரு குரல் வரும். "ஏன்ப்பா, இலங்கைத் தமிழர்கள் நார்வே, கனடான்னு போய்ப் பழகிக்கலையா?" வரட்டும், பேசுவோம். 1980-களில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலர் நார்வேயின் விடுதியோடு கூடிய மக்கள் உயர்பள்ளிகளில் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். பிறகு வடகோடியில் இருக்கும் ஃபின்மார்க்கின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்கள் அங்கே உண்டு. திரும்பி வர முடியாதபடி ஊரில் போர். வேறு வழியில்லாமல் தாங்கியதைத்தான் "பழகிட்டாங்க" என்கிறோம். அந்தக் கதையின் பின்பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களில் ஏராளமானோர் சில வருடங்களில் தெற்கே ஆஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள். வேலை, படிப்பு, உறவு என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் வாய்ப்புக் கிடைத்ததும் இடம் மாறியவர்களைக் காட்டி, "பார், உடம்பு பழகிடுச்சு" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ராணுவத்தை உதாரணம் காட்டுவோரும் உண்டு. சியாச்சினில் சிப்பாய்களைப் படிப்படியாகத்தான் மேலே ஏற்றுகிறார்கள், உண்மை. அந்தப் பழக்கம் முக்கியமாக உயரத்துக்கும் ஆக்சிஜன் குறைவுக்கும். குளிருக்கு உடைதான் கொடுக்கிறார்கள். உடையும் உபகரணமும் போய்ச் சேருவதில் குறை இருப்பதாக சிஏஜி சொன்ன அறிக்கை 2020-ல் நாடாளுமன்றத்துக்கே வந்தது. "சிப்பாய்தானே, பழகிடும்" என்று அங்கே யாரும் சொல்ல முடியவில்லை.

மறுபடி எங்கள் மலைக்கு வருகிறேன். தமிழக அரசு மலைப்பகுதிகளில் இருக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு விலையில்லாக் கம்பளி ஸ்வெட்டர் தரும் திட்டத்தை 2013-14 வாக்கில் கொண்டுவந்தது. பிறகு மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் என்று சேர்த்தார்கள். நான் மனசாரப் பாராட்டும் திட்டம் இது. "மலைக்காரங்க உடம்பு அப்படி" என்ற பேச்சுக்கு ஒரு அரசாணையே பதில் சொல்லிவிட்டது. மலையில் பிறந்த பிள்ளைக்கும் குளிரும், அதற்கு உடை வேண்டும், அதை அரசு தரலாம். விஷயம் முடிந்தது.

ஆனால் எட்டாம் வகுப்போடு ஏன் நிற்க வேண்டும்? ஒன்பதாவது போனால் பனி பெய்யாதா? வளர்ந்த பிள்ளை பழகியிருக்கும் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ! இதே "பழக்கம்" என்ற சாக்கைச் சொல்லித்தான் கல்வராயன் மலையின் சாலையும் ஆஸ்பத்திரியும் வருடக்கணக்காகத் தள்ளிப்போயின. 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவதையும் "அவங்களுக்குப் பழக்கம்" என்று சொன்ன ஊர்தான் இது.

இன்றைக்கு அந்த மலையிலிருந்து ஐஐடி வரைக்கும் பிள்ளைகள் போகிறார்கள். நாளை அவர்களில் ஒருவர் பரிமாற்ற மாணவராக ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ போவார். அவர் கையில் என்ன கொடுத்து அனுப்பப் போகிறோம்?

என்னை அனுப்பிய கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். புறப்படும் முன் அரை நாள் வகுப்பு நடத்தினார்கள். முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, பேராசிரியருக்கு மின்னஞ்சல் எப்படி எழுதுவது எல்லாம் சொன்னார்கள். குளிரைப் பற்றிக் கேட்டபோது வந்த பதில் உங்களுக்கே தெரியும். கூடப் படித்த வசதியான பையன்களுக்குப் பிரச்சனை இல்லை, அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். தடிமனான கோட்டு, பனிக்கு வழுக்காத பூட்ஸ், கையுறை, குல்லா, உள்ளே போடும் தெர்மல் எல்லாம் சேர்த்தால் நம் பக்கத்தில் பல குடும்பங்களின் ஒரு மாத வருமானம். குளிர் எல்லோருக்கும் பொது. அதைத் தடுக்கும் துணி அப்படியில்லை.

காசு இருந்தும் விவரம் தெரியாதவர்கள் இன்னொரு பக்கம். திருப்பூர் பருத்திப் பனியன் நம் வெயிலுக்கு வரப்பிரசாதம், வியர்வையை உறிஞ்சும். ஆனால் கடும் குளிரில் அதுவே எதிரி. உறிஞ்சிய ஈரத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் துணி, நடுவில் கதகதப்புக்கு ஒன்று, மேலே காற்றும் ஈரமும் நுழையாத ஒன்று என்று மூன்று அடுக்கு வேண்டும். சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே, மூன்றே மூன்று விஷயம் கேட்கிறேன். மாணவர்களை வெளிநாடு அனுப்பும் கல்லூரியும் உதவித்தொகை தரும் அமைப்பும், புத்தகத்துக்கும் விசாவுக்கும் ஒதுக்குவது போலக் குளிருடைக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கட்டும். அதைப் புறப்படும் முன்பே தரட்டும். இரண்டாவது, போய்த் திரும்பியவர்கள் தங்கள் கோட்டையும் பூட்ஸையும் கல்லூரியிலேயே விட்டு வைக்கட்டும். ஒரு பீரோ போதும், அடுத்த வருடம் போகிறவர் எடுத்துக்கொள்வார். அதோடு மஹலனோபிஸ் செய்த வேலையையும் செய்யலாம். கட்டிலில் எப்படிப் படுப்பது, ஹீட்டரை எப்படித் திருகுவது, பனியில் எப்படி நடப்பது என்று அரை மணி நேரம் காட்டலாம். மூன்றாவது, மலைப் பிள்ளைகளின் ஸ்வெட்டர் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகட்டும்.

இதெல்லாம் செல்லம் கொடுப்பது என்பவர்கள் ஒரு டிசம்பர் விடியலில் கோமுகி அணையிலிருந்து வெள்ளிமலை வரை ஒற்றைச் சட்டையோடு பைக்கில் போய்வரட்டும். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் பேச வாய் வந்தால் பேசுவோம் :)

இனிமேல் உங்களிடம் யாராவது "போகப் போகப் பழகிடும்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். "கோட்டு எங்கே கிடைக்கும், என்ன விலை, யார் வாங்கித் தருவாங்க?" என்று கேளுங்கள்.