புல்லுக்கு என்ன விலை?

பத்தமடைப் பாயைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர்களுக்குத் தனிப் பெருமிதம் வந்துவிடுகிறது. "பட்டு மாதிரி இருக்கும், ஸார்! சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக் கொள்ளலாம்" என்கிறார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போன கதையையும் மறக்காமல் சேர்த்துக் கொள்கிறார்கள். எல்லாம் சரி. விலையைக் கேட்டதும், "கோரைப் புல்லுக்கா இவ்வளவு?" என்று வாயைப் பிளக்கிறவர்களும் இவர்களேதான்.

புல்தான், யார் இல்லையென்றது? தாமிரபரணிக் கரையில் விளைகிற புல். அதைப் பச்சையாக அறுத்து, காயப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம்போல ஊறவைத்து, மறுபடியும் காயவைத்து, இழை இழையாகக் கீற வேண்டும். பாவுக்குப் பருத்தி நூல்; ஊடைக்கு அந்தக் கோரை இழை. பாவு நெருங்க நெருங்கப் பாயின் நயம் ஏறும். 120, 140 என்று நூல் ஓடுகிற பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். தரையோடு கிடக்கிற தறியில் குனிந்து அதை நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். நாம் விலை பேசுவது புல்லுக்கல்ல, ஐயா, அவர்களுடைய நாட்களுக்கு.

பாரசீகக் கம்பளம் வாங்கப் போகிறவர் அதைப் புரட்டிப் போட்டு முடிச்சுகளை எண்ணுகிறார். முடிச்சு நெருங்கினால் விலை ஏறும் என்பதை மறுபேச்சில்லாமல் ஒப்புக் கொள்கிறார். மொராக்கோ மலைகளில் பெர்பர் பெண்கள் நெய்கிற கம்பளத்தைப் பார்த்து, "வெறும் ஆட்டுமயிர்தானே?" என்று அவர் கேட்பதில்லை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர் என்றால் மட்டும் அந்தக் கேள்வி நாக்கில் வந்து நிற்கிறது.

பிளாஸ்டிக் பாய்தான் கெடுத்தது என்பார்கள். ஏழை வீட்டில் விரிக்கிற பிளாஸ்டிக் பாய் சாதாரணக் கோரைப் பாயின் இடத்தைப் பிடித்தது உண்மை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், மணமக்கள் பெயரை நெய்து தரச் சொல்லும் கல்யாண வீட்டார் ஏழைகளா? மேடையில் ஒரு நாள் வாடப்போகிற பூவுக்குக் கேட்ட பணத்தைக் கொடுக்கிறவர், பாய்க்காரரிடம் வந்ததும் கணக்குப் புலியாகிவிடுகிறார்.

இதற்கு மேல் ஓர் உபதேசம் வேறு: "கலை அழியக் கூடாது, பெண்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்!" நம் பெண் காலேஜுக்குப் போக வேண்டும், நெசவாளர் பெண் மட்டும் கலைக்காக முதுகொடிய வேண்டும். இது எந்த ஊர் நியாயம்? கூலி கட்டாத தொழிலை அவள் விட்டுவிட்டுப் போனால் அவளுக்கு என் ஆசீர்வாதம் உண்டு.

2012-13-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை மற்றவர் திருடாமல் இருக்க அது உதவும். பேரத்தைத் தடுக்க அதனால் முடியாது. அது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. அடுத்த முறை நயம் பாயைக் கையில் எடுத்தால், எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். அத்தனை நாளுக்கு உங்களுக்கு என்ன சம்பளம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுங்கள். பிறகும் பேரம் பேச வாய் வந்தால், பாயைப் பதனமாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுங்கள். புகழ மட்டும் வேண்டாம்.