வளர்ப்புக் குடும்பங்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாய் தந்தையரை இழந்து, கூலிக்கு ஷூவின் மேற்பகுதித் தோலை விரல் காய்க்க ஊசியால் கோத்துத் தைக்கும் பாட்டியின் ஆதரவில் வளரும் ஆம்பூர்ச் சிறுமியைக் காணுந்தோறும், அக்கிழவியின் காலத்துக்குப் பின் இவளுக்கு விடுதி ஒன்றே கதியோ என்ற விசாரம் என்னுள் எழுகிறது. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சி, விடுதியினின்று வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் புத்தியிலும் பாசப்பிணைப்பிலும் தேறினர் என்றும், இரண்டு வயதுக்குள் சென்றோரே மிகுதியும் பயனடைந்தனர் என்றும் நிரூபித்தது. நமது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் குழந்தைகளை இவ்வாறு வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்க இடமளிக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கென மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு (பெருந்தொகை என்று எவரும் சொல்லார்). ஜனங்களோ வளர்ப்புக் குடும்பம் எனும் இத்தற்காலிகப் பராமரிப்பைத் தத்தெடுப்பென்றே எண்ணி விலகுகின்றனர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் தோல் தொழிற்சாலை வாயில்களுக்கே வந்து, இதனை விளக்கித் தகுதியுள்ள குடும்பங்களைத் திரட்டுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், ஆம்பூர்